மாசியின் கொப்பி

காலை ஆறு மணி.
பிரிஜ்ஜில் முட்டைத் தட்டின் மூன்றாம் குழியில்
மாசியின் இன்சுலின்.
முதலாம் குழியில் என்னுடையது.
மாறிவிடக் கூடாதென்று அதன் மூடியில்
நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி.
அதற்கு இரண்டு அலகு, எனக்குப் பதினெட்டு.

இருபது வருஷமாய் அபாயா தைக்கிறேன்.
ஊசியென்றால் எனக்குப் பயமில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.
காதுமடலை இரண்டு விரலுக்கிடையில் சூடாக்கி
வஸ்லின் தடவி
ஓரத்து நரம்பில் ஒரு குத்து.
சொட்டு எழும்பும்வரை
நானும் மூச்சு விடுவதில்லை.
நூற்றி எழுபத்தொன்று.

போன வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு.
வுழுச் செய்யும் வாளிக்குள் தலையை விட்டுக் குடித்தது.
முற்றத்து மணலில் அது நனைத்த இடங்களைப் பார்த்து
ராவைக்கு மழையா என்று கேட்டாள் முஸம்மிலா.
மாசிச் சம்பலைக் களவெடுத்துப் பேர் வாங்கிய பூனை,
பின்கால் மடங்கிக் குதிக்காலால் நடந்தது.
கட்டிலில் ஏறப் பார்த்து,
முடியாமல்,
ஏற நினைக்கவே இல்லை என்பதுபோல்
முன்கையை நக்கியது.

கல்முனை மாட்டாஸ்பத்திரியில்
எனக்கு முன்னால் ஒரு சினைப்பசு, இரண்டு ஆடு.
"பூனைக்குச் சீனி வருத்தமா?
இனிப்பே தின்னாத சீவனுக்கா?"
ஆட்டுக்காரர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லை.
தின்னாமல் கிடந்ததற்கு ஊசி போட்டேன். பிழை என்னுடையது.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
கள்ளுக் குடித்தவன்போல் சுவரில் சாய்ந்தது.
முப்பத்தெட்டு.
தேனை ஈறில் தேய்த்தேன், தேய்த்தேன்.
மறுகா என் விரலைக் கடித்தது.
அல்ஹம்துலில்லாஹ்,
கடிக்கப் பலமிருக்கிறதே.

இப்போது சீனி சொல்வழி கேட்கிறது.
மாசிதான் கேட்பதில்லை.
தன் தட்டை நக்கி, என் தட்டையும் நக்கி,
நடுச்சாமத்தில் அடுப்படியில் நின்று கத்துகிறது.
ஆனாலும் மெலிகிறது.
முதுகைத் தடவினால்
விரல் தன்பாட்டில் தஸ்பீஹ் எண்ணத் தொடங்குகிறது.

டொக்டர் துஷ்யந்தி அதன் தொண்டையை
மேலும் கீழும் தடவினார்,
நான் துணியில் அறுந்த நூலைத் தேடுவதுபோல்.
"தைரொயிட்டாகவும் இருக்கலாம்."
அந்த 'லாம்' இருக்கிறதே,
அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைப்பது?
பிரிஜ்ஜில் இடமில்லை.

ரத்தம் கொழும்புக்குப் போகவேணும்.
ஜுனைதீனின் மீன் லொறியில்
சூரைக்கும் பாரைக்கும் நடுவே
ஐசுக்குள் ஒரு சின்னக் குழாய்.
"என்ன ராத்தா, பூனை மீனைத் தேடிப் போகுதா?"
சாய்ந்தமருதுச் சந்திவரை
அந்த லொறிக்குப் பின்னால் ஓடித் திரிந்தது
கடைசியில் ஏறிவிட்டது,
ஒரு கரண்டிகூட இல்லாத ரத்தமாய்.

இன்றைக்கு நோன்பு பதினொன்று.
கிளினிக்கில் என்னைப் பிடிக்க வேண்டாமென்றார்கள்.
பிடிக்கிறேன். சொல்லவில்லை.
மாசிக்குக் கடமையில்லை.
சூடைமீன் அவித்து, முள்ளெடுத்து,
வாசம் என் வெறும் வயிற்றுக்குள் போய்வர
அது தின்று முடியும்வரை காவலிருந்து
ஆறு மணிக்கு ஊசி.
பாங்கு ஆறு பதினெட்டுக்கு.

கொழும்பிலிருந்து இன்னும் சத்தமில்லை.
டப்பியில் ஒரேயொரு ஸ்ட்ரிப் மிச்சம்.
கஞ்சிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு
இரண்டு மணித்தியாலத்தால்,
ஏனென்று தெரியாது,
என் விரலைக் குத்தினேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

கொப்பியின் மட்டையில் மாசியின் பேர்தான் இருக்கிறது.
அதன் காலைக் கணக்குக்குக் கீழே எழுதினேன்.
டொக்டர் துஷ்யந்தி பார்த்தால்
பூனையைத்தான் ஏசுவார்.